ஈஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பது, அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே நண்பர்கள் கேட்பது, பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது பங்கு மக்கள் கேட்பது என்று ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கினாலே சில கேள்விகள் வந்துவிடும். அவற்றை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன். நான் கத்தோலிக்கன். அதனால் வழிபாட்டு விவரங்கள் பெரும்பாலும் அந்த மரபைச் சேர்ந்தவை. மற்ற சபைகளின் வழக்கத்துக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

ஈஸ்டர் அன்று கிறிஸ்தவர்கள் உண்மையில் எதைக் கொண்டாடுகிறார்கள்?

ரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆணைப்படி எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டு, இறந்து, அடக்கம் செய்யப்பட்ட இயேசுவைக் கடவுள் மூன்றாம் நாள் உயிரோடு எழுப்பினார் என்பதை. கத்தோலிக்கர்கள் இதை உயிர்ப்புப் பெருவிழா என்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் உயிர்த்தெழுந்த பண்டிகை என்பார்கள்.

"நல்லது கடைசியில் ஜெயிக்கும்", "இருளுக்குப் பின் வெளிச்சம்" என்று இதைப் பொதுவாக்கிச் சொல்லும் வாழ்த்து அட்டைகள் உண்டு. தப்பில்லை. ஆனால் அந்த வாசகங்களுக்கு ஒரு கல்லறை தேவைப்படுவதில்லை, ஈஸ்டருக்குத் தேவைப்படுகிறது. குறிப்பிட்ட ஓர் ஆள், குறிப்பிட்ட ஊரில், பெயர் தெரிந்த ஓர் அதிகாரியால் கொல்லப்பட்டார் என்பதில்தான் இந்த விழாவே தொடங்குகிறது. விசுவாச அறிக்கையில் கடவுள், இயேசு, மரியா ஆகியோரோடு பிலாத்துவின் பெயரையும் நாம் வாரந்தோறும் சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இது கிறிஸ்துமஸைவிடப் பெரிய விழாவா? கடைத்தெருவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

கடைத்தெருவுக்கு நட்சத்திரமும் கேக்கும் விற்பது சுலபம், காலிக் கல்லறையை விற்பது கஷ்டம். மற்றபடி, ஆம், பெரிய விழாதான். கிறிஸ்து பிறப்பு விழா ரோமில் எழுத்துப் பதிவாகக் கிடைப்பதே 4ஆம் நூற்றாண்டில்தான். ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்ற சண்டையோ 2ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. ஸ்மிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பு இதைப் பேசித் தீர்க்க ரோமுக்கே போய்த் திருத்தந்தை அனிசேத்துவைச் சந்தித்தார். இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. இருந்தாலும் சேர்ந்து வழிபட்டு, சமாதானமாகப் பிரிந்தார்கள். இன்றைய சபைச் சண்டைகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

ஆண்டுக்கு ஒருமுறை ஈஸ்டர் என்ற வழக்கம் வருமுன்பே வாரத்துக்கு ஒரு ஈஸ்டர் இருந்தது. ஞாயிறு வழிபாடு என்பதே அதுதான். யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை. முதல் கிறிஸ்தவர்கள், அவர்களும் யூதர்களே, ஞாயிறன்று கூடத் தொடங்கியதற்கு அன்று கல்லறை காலியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

தவக்காலம் 40 நாள் என்கிறீர்கள். சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் 46 வருகிறதே?

இடையில் ஆறு ஞாயிறுகள் வருகின்றன. மேலே சொன்ன காரணத்தால், உயிர்ப்பின் நாளான ஞாயிறு நோன்புக் கணக்கில் சேராது. 46இல் ஆறு போனால் 40.

தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. இயேசு கொல்லப்பட்டது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பாஸ்கா விழாச் சமயத்தில். பாஸ்கா பௌர்ணமியை ஒட்டி வரும் விழா. 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. மார்ச் 22க்கு முன்போ ஏப்ரல் 25க்குப் பின்போ ஈஸ்டர் வராது. அந்தக் கடைசி எல்லையான ஏப்ரல் 25 அடுத்து வருவது 2038இல்.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு வேறு தேதி வரும். 2024இல் நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. 2025இல் இருவருக்கும் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5, ஏப்ரல் 12. தமிழ்நாட்டில் புனித வாரம் பல ஆண்டுகளில் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வருவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டுக்கும் அதே பௌர்ணமிதான் காரணம்.

வெள்ளி மாலை இறந்தார், ஞாயிறு விடியலில் எழுந்தார். இது எப்படி மூன்று நாள்?

"மூன்று நாள் கழித்து" என்று எண்ணினால் கணக்கு உதைக்கும். "மூன்றாம் நாள்" என்று எண்ணினால் சரியாக வரும். யூத வழக்கில் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும், நாளின் ஒரு பகுதியும் ஒரு நாளாகவே கணக்கில் சேரும். வெள்ளி பொழுது சாயும்வரை முதல் நாள், சனி இரண்டாம் நாள், சனி இருட்டியது முதல் மூன்றாம் நாள்.

பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் சனிக்கிழமை என்ன நடக்கிறது?

எதுவும் நடப்பதில்லை. அந்த நாளின் பொருளே அதுதான். பகல் முழுவதும் திருப்பலி கிடையாது. பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. பூசையில் புனிதப்படுத்திய அப்பமான நற்கருணையை வைக்கும் பேழை திறந்து காலியாகக் கிடக்கும். ஆண்டு முழுக்க அணையாமல் எரியும் விளக்கும் பேழையருகே அணைந்திருக்கும். பகலில் கோயிலுக்குள் எட்டிப் பார்க்கிற யாருக்கும் வீடு காலி செய்துவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

நம் பங்குகளில் இந்தச் சனிக்கிழமையை மாலை விழாவுக்கு மைக் செட்டும் நாற்காலியும் ஏற்பாடு செய்யும் நாளாகவே ஆக்கிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் நம்மில் பலர் வாழ்நாளில் அதிகம் இருப்பது வெள்ளியிலோ ஞாயிறிலோ அல்ல, இந்தச் சனிக்கிழமையில்தான். மருத்துவ அறிக்கை வந்துவிட்டது, குணம் வரவில்லை. சாவு முடிந்துவிட்டது, ஆறுதல் வரவில்லை. அந்த நிலைக்குத் திருச்சபை தன் நாட்காட்டியில் ஒரு முழு நாளை ஒதுக்கி, அந்த நாளில் பேச்சைக் குறைத்துக்கொண்டது.

ஆனால் விசுவாச அறிக்கை இந்த நாளைப் பற்றி ஒரே ஒரு சொற்றொடர் வைத்திருக்கிறது: இயேசு பாதாளத்தில் இறங்கினார். இறந்தவர்கள் இருக்கும் இடம் என்று எதை மனிதர்கள் நினைத்தார்களோ, அங்கேயும் போனார் என்று பொருள். கீழைச் சபைகள் உயிர்ப்பை ஓவியமாக வரையும்போது இந்தக் காட்சியைத்தான் வரைகின்றன. இஸ்தான்புல்லில், இப்போது மசூதியாக இருக்கும் பழைய கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. வெள்ளை உடையில் கிறிஸ்து, காலடியில் உடைந்து விழுந்த பாதாளக் கதவுகள், சிதறிக் கிடக்கும் பூட்டுகளும் தாழ்களும். ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். உற்றுப் பார்த்தால் அவர் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கையைக் கோத்துக்கொள்ள அவர்களிடம் வலு இல்லை. இழுக்கிற வேலை முழுவதும் அவருடையது.

சனி இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கோயிலுக்கு வெளியே நெருப்பு மூட்டுகிறார்களே, அது எதற்கு?

அதுதான் பாஸ்கா திருவிழிப்பு. கத்தோலிக்க ஆண்டின் உச்சம். விழிப்பு வழிபாடுகளுக்கெல்லாம் தாய் என்று புனித அகுஸ்தினார் இதைச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. 387இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றதும் இதே இரவில்தான்.

முதலில் புது நெருப்பு. அதைப் புனிதப்படுத்திய பிறகு குரு பெரிய பாஸ்கா திரியை எடுத்து அதில் சிலுவை கீறுகிறார். மேலும் கீழும் அகரம், னகரம், அதாவது முதலும் முடிவும் கிறிஸ்துவே என்பதற்கான எழுத்துகள். நான்கு மூலைகளிலும் அந்த ஆண்டின் நான்கு எண்கள், 2026 என்றால் இரண்டு, சுழி, இரண்டு, ஆறு. பிறகு சாம்பிராணி மணிகள் ஐந்தைச் சிலுவை வடிவில் குத்துகிறார். அவை இயேசுவின் ஐந்து காயங்கள். புது நெருப்பிலிருந்து திரியை ஏற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான். இந்த வரிசையைக் கவனியுங்கள்: காயங்கள் முதலில், வெளிச்சம் பிறகு. அந்தக் காயங்களை யாரும் பிடுங்கி எடுப்பதில்லை. திரி கரையும்வரை அவை அதிலேயே இருக்கும். இதற்குக் கீழே மறுபடி வருகிறேன்.

இருட்டான கோயிலுக்குள் அந்த ஒற்றைத் திரி போகிறது. மூன்று இடங்களில் நின்று "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடுவார்கள். மக்கள் தங்கள் மெழுகுதிரிகளைப் பற்றவைப்பார்கள். பிறகு பாஸ்கா புகழுரை. நல்ல குரல் உள்ளவர் பாடினால் பத்து நிமிடம் போவதே தெரியாது. லத்தீன் மூலத்தில் மெழுகு செய்த தேனீக்களுக்கும் அதில் இடம் உண்டு. அதே பாடலில்தான் ஆதாமின் பாவத்தைப் பார்த்து, இப்படி ஒரு மீட்பரைக் கொண்டுவந்துவிட்டாயே, நீ பாக்கியம் செய்த குற்றம் என்ற துணிச்சலான வரியும் வருகிறது. முதல்முறை கேட்கும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அடுத்து வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு உண்டு. நேரம் கருதி மூன்றாகக் குறைக்கலாம். ஆனால் இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் கதையைச் சொல்லாமல் இயேசுவின் உயிர்ப்பைச் சொல்ல முடியாது என்று திருச்சபை நினைக்கிறது. பிறகு வானவர் கீதம், பெரிய வியாழனிலிருந்து வாயடைத்துக் கிடந்த மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அதன்பின் தவக்காலம் முழுவதும் பாடாத அல்லேலூயா. கடைசியாகத் தண்ணீர். பாஸ்கா திரியைத் தண்ணீரில் அமிழ்த்தி மந்திரிப்பார்கள், புதியவர்களுக்குத் திருமுழுக்கு நடக்கும், மற்றவர்கள் தங்கள் வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்த வழிபாடு சனிக்கிழமை காலையில் நடந்தது. வெயிலில் நின்றுகொண்டு "இந்த இரவு" என்று பாடியிருக்கிறார்கள்! 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் இரவு நேரத்துக்கு அனுமதி கொடுத்தார், 1956 முதல் அது எல்லாருக்கும் விதியானது.

வானவர் கீதத்தின்போது திரை விலகி, புகையும் பட்டாசுமாக உயிர்த்த இயேசுவின் சுரூபம் மேலே வருகிறதே, அது வழிபாட்டு விதியா?

இல்லை, நம்மூர் வழக்கம். வழிபாட்டு நூலில் அப்படி ஒன்றும் கிடையாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்கும் பிடிக்கும், எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. நான்கு நற்செய்திகளில் ஒன்றில்கூட இயேசு எழும் அந்தக் கணத்தை யாரும் பார்த்ததாக எழுதப்படவில்லை. பெண்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. சாட்சி இல்லாமல் நடந்த ஒன்றை மோட்டார் வைத்துக் காட்டும்போது கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

உயிர்த்தெழுதல் என்பது மறுபிறவி போன்றதா?

இந்து நண்பர்கள் அதிகம் கேட்பது இது. இரண்டும் வேறு. மறுபிறவியில் உயிர் ஓர் உடலை விட்டு வேறோர் உடலுக்குப் போகிறது, வினைக்கு ஏற்பப் பிறப்பு தொடர்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையில் பிறப்பு ஒன்றுதான், உடலும் அதுவேதான். கழற்றி எறியப்படும் சட்டை என்று உடலை அது பார்ப்பதில்லை.

செத்தவர் பிழைத்து வருவதும் அல்ல. இயேசு இலாசரைக் கல்லறையிலிருந்து கூப்பிட்டு எழுப்பியதாக யோவான் எழுதுகிறார். ஆனால் இலாசர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வந்தார், பிறகு மறுபடி இறந்திருப்பார். உயிர்த்த இயேசுவோ அப்படித் திரும்பி வரவில்லை. அவரோடு பழகியவர்களுக்கே அவரைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். எம்மாவு ஊருக்குப் போன இரண்டு பேர் வழிநெடுக அவரோடு பேசிக்கொண்டு போயும், சாப்பாட்டில் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்டுகொண்டார்கள். அதே சமயம் ஆவியும் அல்ல. சீடர்கள் கண்முன்னே சுட்ட மீனை வாங்கிச் சாப்பிட்டார் என்கிறார் லூக்கா. இதை விளக்க முயன்ற பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் விதையைக் காட்டினார். விதைத்தது கோதுமை மணி, முளைத்து வருவது அந்த மணியின் தோற்றத்தில் இல்லை, ஆனாலும் அதிலிருந்தே வந்தது.

இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா? ஆதாரம் உண்டா?

ஆய்வுக்கூடச் சான்று கேட்டால், இல்லை. இருப்பது சாட்சியம். மிகப் பழைய எழுத்துச் சாட்சியம் நற்செய்திகளுக்கும் முந்தியது. மேலே சொன்ன பவுலின் கடிதம் கி.பி. 50களின் நடுவில், அதாவது இயேசு இறந்து கால் நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டது. அதில் உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலைத் தருகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற தொனி. கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் போதனையும் வீண், உங்கள் நம்பிக்கையும் வீண் என்று தன் மொத்தச் சரக்கையும் இதன்மேலேயே வைக்கிறார்.

நற்செய்திகள் விவரங்களில் முரண்படுகின்றன. போன பெண்கள் எத்தனை பேர், அங்கே கண்டது ஒருவரையா இருவரையா என்பதெல்லாம் நான்கிலும் ஒன்றுபோல் இல்லை. ஆனால் நான்கும் ஒத்துப்போகும் ஒரு விஷயம், முதலில் போனவர்கள் பெண்கள் என்பது. பெண்களின் சாட்சியத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. கதை கட்டுகிறவர் யாரும் அவர்களை முன்னால் நிறுத்தியிருக்க மாட்டார். சீடர்களே அதைப் பிதற்றல் என்று ஒதுக்கியதாக லூக்கா எழுதுகிறார். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய படிகளோ, அந்தப் பெண்கள் பயந்துபோய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன. முதல் ஈஸ்டரின் முதல் உணர்ச்சி மகிழ்ச்சி அல்ல, நடுக்கம். திருச்சபை அவர்களுக்குரிய மரியாதையைக் கொடுக்க நேரம் எடுத்துக்கொண்டது. மகதலா மரியாவின் நினைவுநாளான ஜூலை 22, திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்ந்தது 2016இல்தான்.

உயிர்த்த உடலில் காயங்கள் ஏன் இன்னும் இருந்தன? கடவுளால் அவற்றை ஆற்ற முடியாதா?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே எனக்கு முக்கியமானது இதுதான்.

யோவான் சொல்கிறபடி, சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு வந்து நிற்கிறார். சமாதானம் என்கிறார், உடனே கைகளையும் விலாவையும் காட்டுகிறார். தோமா அன்று அங்கே இல்லை. ஆணித் தழும்பில் விரலை இட்டாலன்றி நம்ப மாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வருகிறார். அன்றும் கதவு பூட்டியேதான் இருந்தது என்று யோவான் விடாமல் குறிப்பிடுகிறார். உயிர்த்தவரைக் கண்ணால் கண்ட பிறகும் அவர்களுக்கு ஒரு வாரத்தில் பயம் போய்விடவில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆறுதல்.

தோமாவிடம் கையை நீட்டுகிறார். தோமா தொட்டாரா? இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, விரல் காயத்துக்குள் போவதையே வரைந்துவிட்டார். ஆனால் நற்செய்தியில் தொட்டதாக இல்லை. பார்த்தார், ஆண்டவரே கடவுளே என்றார், அவ்வளவுதான். பின்னாளில் அந்தத் தோமா கடல் கடந்து நம் பக்கம் வந்து பரங்கிமலையில் உயிர் விட்டார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. சந்தேகத் தோமா என்று உலகம் கேலி செய்கிறவரைச் சென்னைக்காரர்கள் கொஞ்சம் உரிமையோடு விட்டுக்கொடுக்காமல் பேசுவது அதனால்தான்.

காயங்களுக்கு வருவோம். செத்த உடலை எழுப்ப முடிந்த கடவுளுக்கு ஐந்து தழும்புகளை மறைப்பது பெரிய காரியமில்லை. மறைக்கவில்லை. ஆகவே நடந்தது நடக்காததுபோல் ஆக்கிவிடுவது உயிர்ப்பின் வேலை அல்ல என்று புரிந்துகொள்கிறேன். கொலை நடந்தது நிஜம். வலித்தது நிஜம். அந்த வரலாறோடேயே அவர் உயிரோடு இருக்கிறார், அதைக் காட்டித்தான் தன்னை அடையாளப்படுத்துகிறார்.

பேதுருவுக்கும் இதேதான் நடக்கிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர்காய்ந்தபடி இயேசுவை மூன்று முறை மறுதலித்தவர் அவர். உயிர்ப்புக்குப் பின் திபேரியக் கடற்கரையில் 153 மீன்களோடு கரையேறும்போது, அங்கே இயேசு கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு வருவது இந்த இரண்டு இடங்களில் மட்டும். அந்த வாடை பேதுருவுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே வைத்து மூன்று முறை கேட்கிறார், என்மேல் அன்பு இருக்கிறதா என்று. போனது போகட்டும் மறந்துவிடு என்று அவர் சொல்லவே இல்லை. காயத்தின் இடத்துக்கே கூட்டிப்போய், அங்கே வேறொரு பேச்சைத் தொடங்குகிறார்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்த இயேசு சுரூபத்தின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அந்தக் குடும்பங்களுக்கு ஒவ்வோர் ஈஸ்டரும் இப்போது நினைவுநாளும்தான். காயமே இல்லாத ஓர் உயிர்ப்பை அவர்களிடம் கொண்டுபோய்ப் பேச எனக்கு வாய் வராது. தழும்போடு நிற்கிறவரைப் பற்றியென்றால், கொஞ்சம் பேசலாம், அதிகம் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஒரு சாவு. ஈஸ்டர் கொண்டாடலாமா?

துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை இல்லை என்ற வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. புதுத்துணி வேண்டாம், பலகாரம் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு மட்டும் போய்விடுங்கள். துக்க வீட்டார் ஒதுங்கி நிற்க வேண்டிய விழா அல்ல இது. உங்களைவிட இது யாருக்குச் சொந்தம்?

ஒன்றை நினைத்துப் பாருங்கள். பாஸ்கா இரவில் ஏற்றிய அதே திரியைத்தான் அந்த ஆண்டு முழுவதும் குழந்தைகளின் திருமுழுக்கில் ஏற்றுகிறோம். அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதும் அதைத்தான். உங்கள் அம்மாவின் தலைமாட்டில் எரிந்த திரி சென்ற ஆண்டு ஈஸ்டர் திரி. மனம் சரியில்லாதபோது அல்லேலூயா பாட வாய் வரவில்லை என்றால் சும்மா நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார்கள்.

தவக்காலத்தில் நோன்பும் இருக்கவில்லை, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஒவ்வோர் ஈஸ்டர் இரவிலும், புனித கிறிசோஸ்தோம் அருளப்பருடையது என்று வழங்கும் ஒரு சிறு மறையுரையை வாசிக்கிறார்கள். கடைசி மணி நேரத்தில் வந்த கூலியாளுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர் உவமையை எடுத்துக்கொண்டு, நோன்பிருந்தவரும் வாருங்கள், இராதவரும் வாருங்கள், பந்தி நிறைந்திருக்கிறது, யாரும் பசியோடு திரும்ப வேண்டாம் என்கிறது அது. பாவசங்கீர்த்தனத்துக்கு வார நாளில் சாமியாரைப் போய்ப் பாருங்கள், சனி மாலை அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஆனால் அதை முன்னிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள்.

முட்டை, முயல் எல்லாம் எங்கிருந்து வந்தன?

பழைய காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. நாற்பது நாளில் சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டரன்று மேசைக்கு வந்தன. கீழைச் சபைகளில் அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசுகிறார்கள். முயல் ஜெர்மானிய நாட்டு வழக்கம், ஆன்மிகப் பொருள் தேட வேண்டாம். நம்மூர் ஈஸ்டரின் அடையாளம் ஞாயிறு மதிய மட்டன் பிரியாணிதான். நாற்பது நாள் கவிச்சி தொடாதவர்கள் வீட்டில் அன்று குக்கர் விசில் அடிப்பதைக் கேட்டால் தெரியும்.

மற்ற சபைகளில் எப்படி?

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஞாயிறு அதிகாலை ஆராதனை முக்கியம். சில சபைகள் விடியுமுன் கல்லறைத் தோட்டத்திலேயே கூடுகின்றன. இந்த வழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியச் சபை இளைஞர்கள் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டே போனார்கள். நம் ஆட்களின் கல்லறைகளுக்கு நடுவே நின்று சூரியன் எழுவதைப் பார்ப்பது, கத்தோலிக்கனான எனக்கும் ஆசையாக இருக்கும் ஒரு வழிபாடு. ஒருவர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று வாழ்த்த, மற்றவர் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்வது கீழைச் சபைகளின் மரபு. இப்போது எல்லாச் சபைகளிலும் கேட்கலாம்.

ஈஸ்டர் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுமா?

இல்லை. தூய ஆவியார் சீடர்கள்மேல் இறங்கியதைக் கொண்டாடும் பெந்தெகொஸ்து விழா வரை 50 நாள் பாஸ்கா காலம். தவக்காலத்தைவிட நீளம். துக்கம் அனுசரிக்க 40, கொண்டாட 50. முந்தையதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நாம் பிந்தையதை ஒரு பிரியாணியோடு முடித்துக்கொள்கிறோம்.

நான் கிறிஸ்தவன் இல்லை. திருவிழிப்புக்கு வரலாமா?

தாராளமாக. இரவு பத்து, பதினொன்று என்று பங்குக்குப் பங்கு நேரம் மாறும், நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம்வரை ஆகும் என்று எண்ணி வாருங்கள். தொடக்கம் வெளியே நெருப்பருகில் நடப்பதால் பத்து நிமிடம் முன்னால் வந்தால் நல்லது, அதைத் தவறவிட்டால் பாதி போச்சு. கையில் மெழுகுதிரி கொடுப்பார்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, முன்னால் நிற்பவரின் தலைமுடி ஆகியவற்றிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். எழுந்து நிற்பதும் உட்கார்வதும் மற்றவர்களைப் பார்த்துச் செய்தால் போதும். தண்ணீர் தெளிக்கும்போது கொஞ்சம் நனைவீர்கள். நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் போக வேண்டாம், அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கானது. உங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வழிபாடு முடிந்ததும் பல பங்குகளில் டீயும் கேக்கும் கொடுப்பார்கள். அந்த வரிசையில் எல்லாரும் நிற்கலாம்.